பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லலாமா? குமரி மாவட்டப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கத்துப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிறேன். யட்சி, இசக்கி, மாடன் என்று நாட்டுப்புறப் பேய், தெய்வக் கதைகளும் அதில் உண்டு. கதை முடிந்ததும் பிள்ளைகள் "இன்னொண்ணு சொல்லுங்க" என்பார்கள். பெரியவர்கள் ஓரமாகக் கூப்பிட்டு வேறு கேள்விகள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பேய்க்கதை சொல்லலாம், சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. அதை மனதில் வைத்தே படியுங்கள்.

நம் மாவட்டத்தில் பேய்க்கதை என்றால் எவை?

முப்பந்தல் இசக்கி, கள்ளியங்காட்டு நீலி, வேளிமலைப் பக்கம் மேலாங்கோட்டு யட்சி, அப்புறம் ஊருக்கு ஊர் சுடலைமாடன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை நாம் மலையாள நாட்டோடு ஒரே ஆட்சியில் இருந்தவர்கள். அதனால் மலையாளத்து யட்சியும் தமிழ் இசக்கியும் இங்கே ஒரே பனையில் குடியிருப்பார்கள். அந்தி சாய்ந்த பிறகு வழிமறித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும் பெண், தரையில் பாவாத அவள் கால், மறுநாள் காலையில் பனைமூட்டில் கிடக்கும் நகமும் முடியும்: இதைக் கேட்காமல் வளர்ந்த குமரிக்காரர் குறைவு.

இவற்றில் பல வில்லுப்பாட்டில் பாடப்படுபவை. கொடை என்கிற ஊர்க்கோயில் திருவிழா நடக்கும் இடத்தில் பந்தல் போட்டு, குடத்தின்மேல் வில்லைக் கட்டி, புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். உடுக்கும் ஜால்ராவும் கூடவே வரும். கதை ராத்திரி நெடுகப் போகும். முன்னால் மண்ணில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்பவர்கள் பிள்ளைகள்தான். இவற்றுக்குச் சிறுவர் பதிப்பு என்று தனியாக ஒன்று இருந்ததில்லை.

பயந்து நடுங்குகிறார்கள், அப்புறம் அதே கதையை மறுபடி கேட்கிறார்கள். ஏன்?

இருட்டில் தனியாக இருக்கும்போது வருகிற பயம் வேறு, பாட்டியின் மடியில் கிடந்துகொண்டு படுகிற பயம் வேறு. மடியில் இருக்கும் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளலாம், "போதும்" எனலாம், குறுக்கே கேள்வி கேட்டுக் கதையை நிறுத்தலாம். பயத்தின் கடிவாளம் அதன் கையில் இருக்கிறது.

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காசு கொடுத்துப் பயப்படப் போகும் 'பேய் வீடு' ஒன்றில் வந்தவர்களின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார்கள். 2020-ல் முடிவு வெளிவந்தது. பயம் மிகக் குறைவாக இருந்தவர்களும் ரசிக்கவில்லை, அளவுக்கு மீறிப் பயந்தவர்களும் ரசிக்கவில்லை. நடுவில் இருந்தவர்களே அதிகம் ரசித்தார்கள். கதை சொல்கிற பாட்டிமார் இந்த நடுவை ஆய்வுக்கூடம் இல்லாமலே பிடித்துவைத்திருக்கிறார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள், குரலை ஏற்றுவார்கள், இறக்குவார்கள்.

அதே கதையை மறுபடி கேட்கும் பிள்ளையைக் கவனியுங்கள். யட்சி சுண்ணாம்பு கேட்கும் இடம் வரும்முன்பே முந்திக்கொண்டு, "கையில குடுக்கப்பிடாது, ஆணி முனையில வச்சு நீட்டணும்" என்று சொல்லிவிடும். முதல் தடவை பயந்த அதே இடத்தில் இப்போது அது வழி சொல்கிறது. அதற்காகத்தான் மறுபடி கேட்கிறது.

1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவை நினைத்துப் பாருங்கள். ஓவியர் சங்கர் வரைந்த படத்தில் விக்கிரமாதித்தன் கையில் வாள், தோளில் பிணம், பிணத்துக்குள் வேதாளம், சுற்றிலும் சுடுகாடு. பல தலைமுறைப் பிள்ளைகள் பத்திரிகை வந்ததும் முதலில் புரட்டிய பக்கம் அதுதான்.

நீலி கதையில் கொலை வருகிறதே. அதை எடுத்துவிட்டு மீதியைச் சொல்லக்கூடாதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கூடாது என்பதே என் பதில். காரணம் புரிய முதலில் கதையைச் சொல்கிறேன். முப்பந்தல் வட்டாரத்தில் வழங்கும் வடிவம் ஏறத்தாழ இப்படி:

கோயில் பூசாரி ஒருவனுக்கு லட்சுமி என்ற தாசியோடு உறவு. அவன் கைப்பொருள் தீர்ந்ததும் லட்சுமியின் தாய் அவனை விரட்டிவிடுகிறாள். லட்சுமி மட்டும் அவனை விட மனமில்லாமல் பின்னாலேயே போகிறாள். காட்டுவழியில் களைத்து அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவள் போட்டிருந்த நகைக்கு ஆசைப்பட்டு அவன் அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பார்த்த ஆள் யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியை "நீயே சாட்சி" என்று சொல்லிவிட்டு உயிரை விடுகிறாள். மறுபிறவியில் அவள் நீலி, அவன் வியாபாரி. அவள் கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் துரத்துகிறாள். அவன் ஓடிப்போய் ஊர்ப் பெரியவர்களிடம் அடைக்கலம் கேட்கிறான். "இவள் என் பெண்டாட்டி இல்லை, பேய்" என்கிறான். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. பெரியவர்கள் குடும்பச் சண்டை என்று தீர்ப்பு சொல்லி இரண்டு பேரையும் ஒரே வீட்டில் படுக்கவைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணம்.

இப்போது கொலையை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். மிஞ்சுவது என்ன? காரணமே இல்லாமல் ஓர் ஆளைத் துரத்திக் கொல்லும் தலைவிரிகோலப் பெண். பயம் கொஞ்சமும் குறையவில்லை. சொல்லப்போனால் கூடிவிட்டது, ஏனென்றால் அவள் ஏன் வருகிறாள் என்று பிள்ளைக்குத் தெரியாது, யாரிடம் வருவாள், யாரிடம் வரமாட்டாள் என்றும் தெரியாது. முழுக் கதையைக் கேட்ட பிள்ளைக்கு அவள் யாரைத் தேடி வந்தாள் என்று தெரியும். கொன்றவனைத் தேடி வந்தாள். நான் கதை சொல்லி முடித்ததும் பிள்ளைகள் பலரும் நீலி பக்கம்தான் சேர்வார்கள். "அவன் எதுக்குக் கல்லைப் போட்டான்?" என்று கோபத்தோடு கேட்பார்கள். அந்தக் கோபம் பயத்தை விடப் பெரியது, எனக்கு அது முக்கியம்.

நம் பக்கத்து நாட்டார் தெய்வங்களில் பலர் அநியாயமாகச் செத்தவர்கள். நகைக்காக, நிலத்துக்காக, சாதிக்காகக் கொல்லப்பட்டவர்கள். ஊர் அவர்களுக்குப் பீடம் வைத்துப் பொங்கலிட்டது, புலவர் ஆண்டுதோறும் அந்தக் கொலையைச் சபையில் பாடினார். கதையிலிருந்து கொலையை எடுத்தால் கொன்றவன் தப்பிவிடுகிறான், செத்தவள் மட்டும் பேயாக நிற்கிறாள். தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் வரும் வெள்ளைச்சேலைப் பேய் அப்படி ஊரும் பேரும் கதையும் பிடுங்கப்பட்ட பேய்தான்.

சரி, கல் விழுவதை ரத்தம் தெறிக்க விவரிக்க வேண்டுமா? வேண்டாம். ஒரு வரி போதும். நடந்ததைச் சொல்வது வேறு, அதைக் காட்டிக்கொண்டே இருப்பது வேறு.

சோறு ஊட்டப் பூச்சாண்டி சொல்லலாமா?

வேண்டாம். அது கதை கிடையாது, மிரட்டல். கதைக்கு முடிவு உண்டு, பூச்சாண்டிக்கு முடிவு இல்லை. நாளைக்குச் சோற்றுக்கும் அவன் வருவான். அதோடு, பிள்ளை யாரிடம் ஓடி ஒளிய வேண்டுமோ அந்த அம்மாவே அவனைக் கூப்பிடுகிறாள். "போலீஸ்காரர் பிடிச்சிட்டுப் போவார்", "டாக்டர் ஊசி போடுவார்" என்பதும் இதே ரகம். நாளை வழி தவறினால் பிள்ளை போக வேண்டியது அந்தப் போலீஸ்காரரிடம்.

மூடநம்பிக்கை வளராதா? நாங்கள் பகுத்தறிவோடு வளர்க்க நினைக்கிறோம்.

நியாயமான கேள்வி. பேயைக் காட்டிப் பிள்ளைகளின் துணிச்சலைக் கிள்ளுவதைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டிலேயே கண்டித்தார். மரத்தில் பேய், குளத்தில் பேய் என்று அஞ்சிச் சாகும் சனங்களைப் பார்த்து பாரதி நெஞ்சு பொறுக்காமல் பாடினார். இரண்டு பேர் பக்கமும் நான் நிற்கிறேன். ஆனால் அவர்கள் சாடியது "அங்கே போகாதே, பேய் இருக்கு" என்று செய்தியாகச் சொல்லப்படும் பேயை. "ஒரு ஊர்ல" என்று தொடங்கும் கதையின் பேய் வேறு. பகுத்தறிவோடு வளரும் பிள்ளைக்கு அந்தத் தொடக்கமே இது கதை என்று சொல்லிவிடும்.

உண்மையில் உயிரைக் குடித்தது எது என்று பாருங்கள். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுவதாகத் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான பெண்ணைக் கூட்டம் அடித்தே கொன்றது. அங்கே யாரும் கதை கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வளர்ந்த ஆட்கள் ஒரு பயத்தைச் செய்தி என்று நம்பினார்கள். சின்ன வயதில் நிறையப் பயங்கரக் கதை கேட்டு, "இது எப்படி நடக்கும்? யார் பார்த்தா?" என்று கேட்டுப் பழகிய பிள்ளை அந்த வாட்ஸ்அப் செய்தியையும் அப்படிக் கேட்கும் என்பது என் நம்பிக்கை. அதனால் கதைக்கு நடுவில் குறுக்குக்கேள்வி கேட்கும் பிள்ளையை ஒருபோதும் அடக்காதீர்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். யட்சிக் கதை எங்கள் பிள்ளைக்கு எதற்கு?

வேண்டாம் என்றால் வேண்டாம், உங்கள் பிள்ளை, உங்கள் விருப்பம். ஆனால் பயங்கரக் கதை உங்கள் வீட்டிலும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏரோது மன்னன் பெத்லகேமில் குழந்தைகளைக் கொன்றது, ஆபிரகாம் மகனைப் பலியிடக் கத்தியை ஓங்கியது, இரண்டையும் மறைக்கல்வி வகுப்பில் சொல்கிறோம். நட்டாலத்து தேவசகாயம் பிள்ளையை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய், அடித்த புண்ணில் மிளகாய் தேய்த்து, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம். 2022-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது மாவட்டமே அந்தக் கதையை மறுபடி கேட்டது. சைவ வீடுகளில் சிறுத்தொண்டர் பெற்ற மகனையே கறி சமைத்த கதை உண்டு. பக்தியோடு சொல்லும்போது இதெல்லாம் பிள்ளைக்கு ஆகாது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்று. மலையாளக் கதைகளில் கள்ளியங்காட்டு நீலியை அடக்குபவர் கடமற்றத்துக் கத்தனார். அவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். அந்தக் கதையில் தொடங்கலாமே.

பிற நாடுகளில் இப்படிப்பட்ட கதைகளைத் தடை செய்திருக்கிறார்களா?

நிறைய. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் நாட்டார் கதைகளை அச்சிட்டபோது பிள்ளைகளுக்கு ஆகாது என்று குறை வந்தது. 1819 பதிப்பில் மாற்றினார்கள். கசாப்புக்கடை விளையாட்டு விளையாடி ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அறுத்துவிடும் கதை போயிற்று. மகளைக் கொல்லச் சொல்லும் பெற்ற தாய் மாற்றாந்தாய் ஆனாள். கோபுரத்தில் அடைபட்ட பெண் கர்ப்பமாவதும் மறைந்தது. ஆனால் கடைசியில் அந்த மாற்றாந்தாயைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பு மாட்டிச் சாகும்வரை ஆடவைப்பது அப்படியே இருந்தது! எடுத்தவற்றில் பாதி, பெரியவர்களுக்கு வெட்கமாக இருந்தவை. பிள்ளை எதற்குப் பயப்படும் என்று யார் யோசித்தார்கள்? நீலி கதையில் கொலையை எடுக்கச் சொல்லும்போதும் இதைத்தான் செய்கிறோம் என்று எனக்குப் படும்.

1954-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கையில் கம்பும் கத்தியுமாக ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தார்கள், இரும்புப் பல் வைத்த ரத்தக்காட்டேரி ஒன்றைப் பிடிக்க. அமெரிக்கத் திகில் காமிக்ஸ்தான் காரணம் என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். அப்படி ஒரு காமிக்ஸை யாரும் எடுத்துக் காட்டவில்லை. இரும்புப் பல் வைத்த மிருகம் பைபிளில் தானியேல் ஆகமத்தில் வருகிறது, பள்ளியில் படித்த பழைய பாட்டு ஒன்றிலும் இரும்புப் பல்லுக்காரி வருகிறாள். அடுத்த ஆண்டே பிரிட்டனில் திகில் காமிக்ஸுக்கு எதிராகச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1954-லேயே பதிப்பாளர்கள் தங்களுக்கு ஒரு விதித்தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். ரத்தக்காட்டேரி கூடாது, நடமாடும் பிணம் கூடாது, தலைப்பில் திகில் என்ற சொல்லே கூடாது.

பிறகு ஆல்வின் ஷ்வார்ட்ஸ். நாட்டார் பேய்க்கதைகளைத் தொகுத்து 1981, 1984, 1991 ஆண்டுகளில் பிள்ளைகளுக்காக மூன்று புத்தகம் போட்டார். எந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பின்பக்கக் குறிப்பில் ஒழுங்காகச் சொன்னவர். 1990-களில் அமெரிக்க நூலகங்களில் அதிகம் எதிர்ப்பு வந்த புத்தகங்களின் பட்டியலில் அவைதான் முதலிடம். ஸ்டீஃபன் காமெல் வரைந்த படங்கள்மேல்தான் பலருக்குக் கோபம். பின்னால் பதிப்பகம் ஓவியங்களை மாற்றியது. அதே படங்களைப் பார்த்து நடுங்கி வளர்ந்தவர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் பழைய படங்களே திரும்பி வந்தன.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இளையோர் தீங்குதரும் வெளியீடுகள் சட்டம். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே ஆண்டு. வாசகங்கள் பிரிட்டனின் 1955 சட்டத்தை ஒட்டியவை. 20 வயதுக்குக் குறைந்தவர்களைக் கெடுக்கக்கூடிய, குற்றம், கொடுமை, அருவருப்பு, கோரம் நிறைந்த கதைகளை அச்சிடுவதும் விற்பதும் குற்றம், ஆறு மாதம்வரை சிறை. ஆனால் புத்தகத்தை மொத்தமாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு பக்கத்தைக் கிழித்து நீட்டி "பாருங்கள்" என்றால் போதாது. இது எனக்குப் பிடித்த பகுதி.

பள்ளி நூலகப் புத்தகத்தின்மேல் ஒரு பெற்றோர் புகார் சொன்னால்?

முதலில் புகார் சொன்னவரும் தலைமையாசிரியரும் புத்தகத்தை முழுதாகப் படிக்க வேண்டும். படித்த பிறகும் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்கலாம். மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து முடிவெடுக்க அவருக்கு உரிமை இல்லை. நம்மூரில் இது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. புத்தகம் அலமாரியிலிருந்து பீரோவுக்குப் போகும், பீரோ சாவி கிடைக்காது. தடை என்று யாரும் சொல்லாததால் எதிர்க்கவும் ஆள் இருக்காது.

எந்த வயதில் தொடங்கலாம்?

மூன்று, நான்கு வயதில் கதைக்குள் இருக்கும் யட்சிக்கும் தோட்டத்துப் பனையில் இருக்கும் யட்சிக்கும் வேறுபாடு முழுதாகப் பிடிபடாது. அப்போது ஏமாந்துபோகும் முட்டாள் பேய், வேட்டி திருடும் குட்டிச்சாத்தான் போதும். ஏழு, எட்டு வயதில் சுண்ணாம்பு கேட்கும் யட்சி. நீலியை முழுதாகச் சொல்லப் பத்து வயதாவது ஆகட்டும். இது என் கணக்கு. உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும்.

செல்போனில் பேய் வீடியோ பார்க்கிறான். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. செல்போன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. பயந்தால் நிறுத்தாது, அடுத்ததையும் தானே ஓட்டும். "உண்மைச் சம்பவம்" என்று வேறு போட்டிருப்பார்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். சினிமாவுக்கு ஒரு கைகாட்டி இருக்கிறது. 2023 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு யுஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள். பெற்றோர் பார்த்து முடிவு செய்வதற்கான அடையாளம் அது.

கடற்கரை ஊர்களில் என்ன செய்கிறீர்கள்?

2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் எத்தனை வீட்டை அழித்தது என்று நமக்குத் தெரியும். 2017-ல் ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த வீடுகளின் பிள்ளைகள் முன்னால் கடலில் மூழ்கும் கதை, கடலிலிருந்து கூப்பிடும் ஆவி, எதுவும் நானாக எடுப்பதில்லை. யார் வீட்டில் என்ன இழப்பு என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன். ஆனால் பிள்ளைகளே அப்படி ஒரு கதை சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். கீழே உட்கார்ந்து கேட்பேன். பெரியவர்கள் அழுதுவிடுவார்களோ என்று பயந்து வீட்டில் சொல்லாததைப் பிள்ளை அங்கே சொல்லும். இதையும் தடுத்தால் அது எங்கே போய்ச் சொல்லும்?

கதை கேட்ட பிள்ளை ராத்திரி தூங்கவில்லை. என்ன செய்ய?

"பேயெல்லாம் இல்லை, படு" என்று சொல்லி விளக்கை அணைக்காதீர்கள். எந்த இடம் பயமாக இருந்தது என்று கேளுங்கள். அந்த இடத்தை அதன் வாயாலேயே சொல்லவிடுங்கள், வேண்டுமானால் முடிவை மாற்றிச் சொல்லட்டும். அன்றைக்குக் கூடப் படுத்துக்கொள்ளுங்கள். பல நாள் நீடித்தால், பள்ளிக்குப் போகவோ தனியாகக் கழிவறை போகவோ மறுத்தால், பயம் கதையிலிருந்து மட்டும் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். வேறு யாராவது மிரட்டுகிறார்களா, தொந்தரவு செய்கிறார்களா என்று மெதுவாக விசாரியுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

பிள்ளையைக் கொடைக்குக் கூட்டிப்போய் வில்லுப்பாட்டு காட்ட ஆசை. எப்போது போகலாம்?

பங்குனி தொடங்கி வைகாசிவரை பல கோயில்களில் கொடை நடக்கும், ஆடியிலும் சில ஊர்களில் உண்டு. உங்கள் பக்கத்து இசக்கி கோயிலிலோ மாடன் கோயிலிலோ விசாரித்தால் தேதி சொல்வார்கள். சாயங்காலமே போனால் கதையைத் தொடக்கத்திலிருந்து கேட்கலாம். நடுராத்திரி நெருங்க உடுக்குச் சத்தம் ஏறும், கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடுபவருக்கு, அருள் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கூடுதல். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை என்றால் அதற்குமுன் வீடு திரும்பிவிடுங்கள். பெரிய பிள்ளை என்றால், அருள் வந்து ஆடுபவர் யார், ஏன் ஆடுகிறார் என்று போகும் வழியிலேயே சொல்லிவையுங்கள். போர்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆரல்வாய்மொழிப் பக்கம் ராத்திரி காற்று பலமாக அடிக்கும்.